ஆள் இல்லாத பத்தொன்பது வீடுகள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மூடிக் கிடந்த லாண்டிரிக் கடையின் கண்ணாடியில் ஸ்டிக்கர்காரர் ஒரு பூக்கடையை ஒட்டிக்கொண்டிருந்தார். ஆளுயரப் படம். வாளி வாளியாகப் பூ. நடுவில் ஒரு பெண் சிரித்தபடி நிற்கிறாள். அவள் கன்னத்தில் நின்ற காற்றுக் குமிழை ஸ்டிக்கர்காரர் ரப்பர் பட்டையால் ஓரமாகத் தள்ளித் தேய்த்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கணக்கெடுப்பாளர். அவர் கக்கத்தில் அட்டையில் செருகிய பட்டியல் இருந்தது.

"நேத்து ஒரு காபி கடை, ஒரு புத்தகக் கடை. இன்னிக்குப் பூக்கடை. ஒரு வாரத்துல பதினோரு கடை தொறந்துட்டேன் சார். இந்த ஊர்ல என்னை விடப் பெரிய முதலாளி எவன் இருக்கான்?" என்றார் ஸ்டிக்கர்காரர்.

"ஓரத்தைப் பாருங்க, சுருங்குது."

"சுருங்காது. நாலு மாசம் தாங்கும். அப்புறம் வெயில்ல இந்தம்மா மூஞ்சி நீலமாயிடும். அதுக்குள்ள நெசக் கடை வந்துடும்னு மேடம் சொல்றாங்க. வருமா சார்?"

கணக்கெடுப்பாளர் ஏணியின் காலைச் சரியாக ஊன்றினார்.

ஒரு காலத்தில் நகரத்தின் நடுநெஞ்சு அந்தத் தெரு. கீழே கடை, மேலே மூன்று மாடி வீடு. நாற்பத்து மூன்று கட்டடம். பிறகு ஊருக்கு வெளியே குளுகுளு கடைவளாகங்கள் வந்தன. அலுவலகங்கள் போயின, பேருந்துகள் வேறு வழியில் திரும்பின, கடைகள் ஒவ்வொன்றாய் ஷட்டரை இழுத்தன. இப்போது அதை உயிர்ப்பிக்க ஒரு திட்டம் வந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வந்தால் முதலில் இறக்குவது பெயிண்ட் டப்பாவைத்தான். மனிதர்களைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும், நேரம் இருந்தால்.

பத்து மணிக்கு, கடைக்கு மேலே இரண்டாம் மாடி ஜன்னல் ஒரு சாண் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கயிறு இறங்கியது. கயிற்றின் நுனியில் ஒயர் கூடை. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னியது. அது ஆடி ஆடி வந்து பூக்காரப் பெண்ணின் முகத்துக்கு நேராக நின்றது. உள்ளே ஒரு காலிப் பால் தூக்கு.

ஸ்டிக்கர்காரர் ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டார். "சார், இந்த வீட்டுல ஆள் இல்லன்னு தானே போட்டிருக்கீங்க?"

"இல்லதான். பழைய கயிறு. காத்துல அவுந்து விழுது."

"காத்துக்கு பத்து மணின்னு தெரியுமா சார்? நேத்தும் இதே நேரந்தான்."

"வேலையைப் பாருங்க."

கூடை கால் மணி நேரம் அங்கேயே நின்றது. யாரும் எதுவும் போடவில்லை. பிறகு மெதுவாக மேலே போனது. ஜன்னல் மூடியது.

அது காற்றின் வேலை இல்லையென்று கணக்கெடுப்பாளருக்கு நன்றாகத் தெரியும். அவர் பிறந்ததே அந்தத் தெருவில்தான். பன்னிரண்டு வயது வரை அங்கேதான் ஓடித் திரிந்தார். வாலு என்று பட்டப்பெயர். அவருடைய பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டவர் இந்தக் கடையை நடத்தி, மேலேயே குடியிருந்த லாண்டிரிக்காரர். மாமா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாடிப்படிக் கதவுகளெல்லாம் பின்சந்தில் இருக்கும். மூன்று மாடி ஏறி இறங்க யாருக்கும் முழங்கால் கிடையாது. அதனால் பால்காரரோ ரொட்டிக்காரரோ, பார்க்க வந்த சொந்தக்காரரோ, யாராக இருந்தாலும் தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மேலேயிருந்து கூடை இறங்கும், இல்லை சாவி விழும். கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே வகை. கோர்ட்டு ஆட்கள் ஒன்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லி கட்டடக்காரர்கள் அனுப்பும் தடியர்கள் இன்னொன்று. ஆகவே கதவு தட்டப்பட்டால் அந்தத் தெருவில் ஒரு வீடும் திறக்காது. அடுப்பை அணைப்பார்கள், குழந்தையின் வாயைப் பொத்துவார்கள், தட்டியவன் போகும்வரை மூச்சுகூட விடமாட்டார்கள். கணக்கெடுப்பாளரின் வாயில் அவருடைய அம்மாவின் கை அப்படிப் பல தடவை இருந்திருக்கிறது. அந்தக் கையின் வெங்காய வாசனை அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். விதி எழுத்தில் இருந்தது. மூன்று தடவை தட்ட வேண்டும். இரண்டு நிமிஷம் நிற்க வேண்டும். திறக்காவிட்டால் 'ஆள் இல்லை' என்று எழுதி, கதவில் வெள்ளைப் பெயிண்டால் பெருக்கல் குறி போட வேண்டும். ஆள் இருந்தால் திட்டக்காரர்கள் மாற்று வீடு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்.

அவர் விதிப்படி செய்தார். ஒரே நாளில் நாற்பத்து மூன்று கட்டடத்தையும் முடித்தார். வெளியே பூட்டுத் தொங்கியவை போக, பத்தொன்பது வீடுகளின் கதவில் குறி விழுந்தது. லாண்டிரிக்காரர் வீட்டில் மூன்றாவது தடவை தட்டியபோது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழாயை யாரோ திருகி மூடினார்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அது நின்றது அவர் காதில் தெளிவாக விழுந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் ஆனதும் குறி போட்டார்.

பட்டியலைப் பார்த்ததும் திட்டத்தை நடத்தும் மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு சீக்கிரமா யாரும் முடிச்சதில்லைங்க. உங்களை நிரந்தரம் பண்றதுக்கு நானே எழுதறேன்" என்றார். அந்தம்மா கெட்டவர் இல்லை. மாடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு அவசியமும் ஏற்படவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதிப் பாவம் இப்படித்தான் நடக்கிறது.

புதன்கிழமை தெருவின் இரண்டு முனையிலும் தகர வேலி வைத்தார்கள். பால்காரரும் ரொட்டிக்காரரும் உள்ளே வர முடியவில்லை. குறி போட்ட வீடுகளுக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். திங்கட்கிழமை திறப்பு விழா. மேடை லாண்டிரிக் கடைக்கு எதிரே வருவதால், அந்தக் கட்டடத்தின் பின்சந்துக் கதவில் மட்டும் புதன்கிழமையே இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். மற்ற வீடுகள் விழாவுக்குப் பிறகு.

உள்ளே இருந்த லாண்டிரிக்காரருக்கு அறுபத்தைந்து வயது. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும். அவரால் கத்த முடியாது. ஊரோடு பேச அவருக்கு இருந்தது அந்தக் கூடை ஒன்றுதான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மேடமே பார்வையிட வந்திருந்தார். வர்ணம் பூசிய தெரு வெயிலில் பளபளத்தது. ஒட்டுப்படங்களுக்குள் நாற்பது ஐம்பது பேர் காபி குடித்தார்கள், புத்தகம் புரட்டினார்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். தெருவில் நடந்தவர்கள் மொத்தமே ஆறு பேர். செருப்புச் சத்தம் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

ஜன்னல் திறந்தது. கூடை இறங்கியது. இன்று அதில் மூன்று காலித் தண்ணீர்ப் பாட்டில்கள். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு லொடலொடவென்று சத்தம் போட்டன.

"அது என்ன தொங்குது?" என்றார் மேடம்.

ஸ்டிக்கர்காரர் கணக்கெடுப்பாளரைப் பார்த்தார். கணக்கெடுப்பாளர் தரையைப் பார்த்தார்.

"பழைய கயிறு மேடம்."

"போட்டோவுல வந்து விழும். வெட்டிடுங்க."

ஸ்டிக்கர்காரர் தன் பிளேடு கத்தியை எடுத்தார். ஆனால் ஏணியில் ஏறவில்லை. கத்தியைக் கணக்கெடுப்பாளரிடம் நீட்டினார். "நீங்களே வெட்டுங்க சார். எனக்குக் கை வரல" என்றார் மெதுவாக.

கணக்கெடுப்பாளர் ஏணியில் ஏறினார். கயிறு கையில் பட்டதும் திடுக்கிட்டார். மறுமுனையில் ஒரு கை இருப்பது தெரிந்தது. கயிற்றில் மிக லேசாக ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெட்டினார். கூடை விழுந்தது. மிச்சக் கயிறு கொஞ்ச நேரம் அப்படியே தொங்கியது. பிறகு ஒவ்வொரு முழமாக மேலே போய் ஜன்னலுக்குள் மறைந்தது. ஜன்னலை யாரும் மூடவில்லை.

கூடையின் அடியில் ஒரு பழைய லாண்டிரி ரசீது மடித்துக் கிடந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார், படிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி துணி நனைக்கும்போது அதை எடுத்தாள். ரசீதின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது. கோணல் எழுத்து. 'தண்ணி. யாராவது.'

ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தாள். "என்னங்க இது? யாருக்குத் தண்ணி?"

அவர் முதலில் மழுப்பினார். அவள் நகரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னார். குழாய் நின்றதையும் சொன்னார்.

"மூணு தடவ தட்டுனீங்க, சரி. ஒரு தடவ கூப்பிட்டீங்களா?"

"தட்டணும்னுதான் விதியில இருக்கு."

"விதி எழுதினவன் அந்தத் தெருவுல பொறக்கல. நீங்க பொறந்தீங்க."

"கத்தாதே. திங்கட்கிழமை விழா முடியட்டும். முடிஞ்சதும் மேடத்துகிட்ட நானே சொல்லிடறேன்."

"அது வரைக்கும் அவரு தாகத்த எடுத்து அலமாரியில வெச்சிருப்பாரா? மாமான்னு வேற சொல்றீங்க. உங்களுக்கு மாமனா இருந்தவங்க எல்லாரும் பாவம்."

"நாளைக்குக் காலைல போய்ச் சொல்லிடறேன். போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை போனார். தகர வேலி வரைக்கும் போனார். வேலியின் இடுக்கில் தெரு தெரிந்தது. ஒட்டுப்படத்துக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. இரண்டாம் மாடி ஜன்னல் நேற்றைப் போலவே ஒரு சாண் திறந்து கிடந்தது. இப்போது சொன்னால் பத்தொன்பது வீட்டையும் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். விழா நிற்கும். நிரந்தரம் போகும். முப்பது வருஷம் தினக்கூலியாகக் கிடந்தவனுக்கு நிரந்தரம் என்ற வார்த்தை காதில் எப்படி ஒலிக்கும் என்று கிடந்தவனுக்குத்தான் தெரியும். அவர் திரும்பி நடந்தார். மனைவியிடம், "சொல்லிட்டேன்" என்றார்.

அவள் நம்பினாள். அவர் குளிக்கப் போனார். குழாயைத் திருகி மூடியதும் பின்னாலேயே இன்னொரு குழாய் மூடும் சத்தம் கேட்டது. வீட்டில் குழாய் ஒன்றுதான். சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். வெளியே மனைவி, "துண்டு மறந்துட்டீங்க" என்று கதவைத் தட்டினாள். அவர் தன்னையறியாமல் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் மூன்று தடவை தட்டினாள். அவர் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தெருவில் நாற்காலிகள், மைக், சிவப்பு ரிப்பன். அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். மேடம் பேசிக்கொண்டிருந்தார். கணக்கெடுப்பாளர் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்தார்.

பத்து மணி ஆனது. ஜன்னல் அசையவில்லை. எதுவும் இறங்கவில்லை. கயிறு கிடையாது, அதை வெட்டியது தானே என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் வெட்டுப்பட்ட நுனியாவது தெரியும் என்று எதிர்பார்த்தார். பத்து ஐந்து. பத்து பத்து. அந்த ஒரு சாண் இருட்டு அவரைத் தின்றது.

"செத்துக் கிடந்த இந்தத் தெருவுக்கு இன்னிக்கு உயிர் திரும்பியிருக்கு" என்றார் மேடம். எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் கணக்கெடுப்பாளர் ரிப்பனைத் தாண்டித் தெருவின் நடுவுக்குப் போய்விட்டார். தலையை அண்ணாந்து, "லாண்டிரி மாமா" என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை, சின்ன வயதில் கூப்பிட்ட அதே இழுப்பில், தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "மாமா, நான் வாலு வந்திருக்கேன். ஜன்னலுக்கு வாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேடம் மைக்கை மூடிக்கொண்டு, "என்ன செய்றீங்க நீங்க?" என்றார்.

லாண்டிரிக்காரர் ஜன்னலில் யாரும் வரவில்லை. ஆனால் எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அதுவும் குறி போட்ட வீடு. ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவரு நேத்திலிருந்து அசையலைங்க. ஜன்னலண்டையே கிடக்காரு. இங்கேர்ந்து கால் தெரியுது" என்றாள். "மொதல்லயே சொல்லியிருக்கணும். நாங்களே ஒளிஞ்சு கிடக்கோம். பின்சந்துக் குழாய்ல இருட்டுல தண்ணி புடிச்சுட்டு வர்றோம். எப்படி வாயத் தொறக்கிறது?"

அவள் பேசப் பேச, அங்கே ஒன்று, இங்கே ஒன்றாக ஜன்னல்கள் திறந்தன. ஒரு கிழவர். கைக்குழந்தையோடு ஒருத்தி. கண்ணாடி போட்ட இரண்டு பெண்கள். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார்கள். செத்துப்போனவர்கள் எழுந்து வந்து நிற்பதைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள்.

ஸ்டிக்கர்காரர்தான் முதலில் ஓடினார். பின்சந்துக் கதவின் தகட்டை மேடைக் கம்பியை வைத்து நெம்பினார். பற்றவைப்பு நல்ல பற்றவைப்பு. பிளக்க அரை மணி ஆயிற்று. அவர் கை கிழிந்து ரத்தம் வந்தது.

லாண்டிரிக்காரர் ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து கிடந்தார். வெட்டுப்பட்ட கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. உதடு வெடித்துக் கறுத்திருந்தது. உயிர் இருந்தது. கணக்கெடுப்பாளர் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி உதட்டை நனைத்தார். இரண்டாவது மூடிக்குக் கண் திறந்தது.

வெகுநேரம் பார்த்தார். பிறகு காற்றாக ஒரு பேச்சு வந்தது. காதை வாயருகே வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"வாலுவாடா?"

"ஆமா மாமா."

"அன்னிக்கு வந்து தட்டினது யாரு?"

"நான்தான் மாமா."

"தட்டினா இங்க யாருடா தொறப்பா? ஒனக்குத் தெரியாதா?"

கணக்கெடுப்பாளருக்கு ஒரு பொய் கையருகே இருந்தது. அதை எடுக்கவில்லை.

"தெரியும் மாமா."

லாண்டிரிக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது மூடித் தண்ணீரை ஸ்டிக்கர்காரர் கையால்தான் குடித்தார்.

பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பாதி செயலிழந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் தட்டினாலும், சாப்பாட்டு வண்டி கதவில் இடித்தாலும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு மூச்சை அடக்குவாராம். கணக்கெடுப்பாளர் நான்கு தடவை பார்க்கப் போனார். நான்கு தடவையும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் லாண்டிரிக்காரர். மன்னித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் கணக்கெடுப்பாளர் தெருவுக்குத் தனியாகப் போனார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் கீழே நின்று, தான் யார் என்று சொல்லி, மேலே இருப்பவர்களைக் கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். மூன்று நாள் ஆயிற்று. பத்தொன்பதில் எட்டு வீட்டில் பதில் வந்தது. முப்பத்தொரு பேர். எல்லோரையும் எழுதி எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார்.

மேடம் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். தூங்காத கண்கள். "பழைய பட்டியல்ல தவறுதலா விட்டுப்போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. தவறுதலான்னு இருந்தா உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஒண்ணும் ஆகாது. இவங்களுக்கு வீடு குடுத்துடலாம்."

"தவறுதலா எழுதல மேடம். குழாய் மூடுற சத்தம் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் ஆள் இல்லன்னு எழுதினேன். கயித்துல கை இருந்துச்சு. தெரிஞ்சுதான் வெட்டினேன். அப்படியே எழுதிக்கொண்டாந்திருக்கேன், அடியில பாருங்க."

"வேலை போயிடும். கேஸ்கூட வரலாம்."

"வரட்டும்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "நான் ஒரு தெருவுக்கு உயிர் குடுக்கத்தான் வந்தேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

"அந்த உயிர் மாடியில இருந்துச்சு மேடம், பயந்துகிட்டு, தண்ணியில்லாம. நாம அதோட வாசலத்தான் அடைச்சோம். ஒரு ஊரச் சரிபண்ண வர்றவன் மொதல்ல அங்க இருக்கிற மனுஷன அவனுக்குப் புரியற மாதிரி கூப்பிடணும். அவன் பதில் சொல்ற வரைக்கும் நிக்கணும். அது செய்யாம நாம பூசினதெல்லாம் பெயிண்ட் இல்ல, உயிரோட இருக்கிறவன் மேல அள்ளிப் போட்ட மண்ணு."